ஐ.நா. பணியாளர் பாதுகாப்பு: நிர்வாகமும் நிதியும்

போர், கலவரம், பயங்கரவாதம் நிலவும் இடங்களில் பணியாற்றும் ஊழியர்களைக் காக்க, ஐக்கிய நாடுகள் சபையும் அதன் துணை அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு ஐ.நா. பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு. யூனிசெஃப், உலக உணவுத் திட்டம், அகதிகள் ஆணையம் எனத் தனி நிர்வாகமும் தனிக் கணக்கும் கொண்ட அமைப்புகள் இதில் அங்கம் வகிக்கின்றன. இதை ஒருங்கிணைப்பது நியூயார்க்கில் உள்ள ஐ.நா. பாதுகாப்புத் துறை. ஒவ்வொரு நாட்டிலும் ஐ.நா.வின் மூத்த அதிகாரி ஒருவர் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கிறார். அமைப்புகளின் தலைவர்கள் கொண்ட குழு அவருக்கு ஆலோசனை சொல்கிறது. ஆனால் ஊழியர்களைக் காக்கும் முதல் பொறுப்பு அவர்கள் பணிபுரியும் நாட்டு அரசுக்கே உரியது. அரசு நிலைகுலைந்த இடத்திலும், அரசே சண்டையில் ஒரு தரப்பாக இருக்கும் இடத்திலும் இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இன்றைய அமைப்பு பாக்தாத் தாக்குதலுக்குப் பின் உருவானது. 2003 ஆகஸ்ட் 19 அன்று, கனால் ஹோட்டலில் இயங்கிய ஐ.நா.வின் ஈராக் தலைமையகத்தை ஒட்டி, வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று வெடித்தது. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தனர். பலரைக் காயப்படுத்தியவை பறந்து வந்த கண்ணாடிச் சில்லுகள். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய பாதுகாப்புத் தாளை ஜன்னல்களில் ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை. நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களை விசாரணைக் குழு இதற்காகக் கண்டித்தது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி தலைமையிலான மற்றொரு குழு, பாதுகாப்பு முறையே செயலிழந்து கிடக்கிறது என்று அறிக்கை தந்தது.

2004 டிசம்பரில் பொதுச்சபை 59/276 தீர்மானத்தின் வழியாகப் பாதுகாப்புத் துறையை உருவாக்கியது. அப்போதைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், முழுச் செலவையும் ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டே ஏற்க வேண்டும் என்று கேட்டிருந்தார். உறுப்பு நாடுகள் இசையவில்லை. அமைப்புகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையே நீடித்தது. துறையின் இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இந்த முடிவில்தான் இருக்கிறது.

ஆகவே பணம் பல வழிகளில் வருகிறது. தலைமையகக் காவலுக்கு, நாடுகள் கட்டும் சந்தாவில் இயங்கும் வழக்கமான பட்ஜெட் தருகிறது. களத்தில் உள்ள பாதுகாப்பு அதிகாரிகளுக்கான செலவை, களத்தில் தமக்கு எத்தனை ஊழியர்கள் என்ற தலைக்கணக்கின்படி அமைப்புகள் பங்கிடுகின்றன. வானொலித் தொடர்பு அறை போன்ற உள்ளூர்த் தேவைகளுக்கு அந்தந்த நாட்டிலுள்ள அமைப்புகள் தனியே பங்கு போடுகின்றன. குண்டு துளைக்காத வண்டி, அலுவலக மதில் போன்றவை ஒவ்வோர் அமைப்பின் சொந்தக் கணக்கு. தலைக்கணக்கு நியாயமான அளவுகோலாகத் தோன்றலாம். ஆனால் பல அமைப்புகள் நன்கொடையை நம்பி இருப்பவை. நன்கொடை குறையும் ஆண்டில், ஆபத்து குறையாவிட்டாலும் பாதுகாப்புக்கான பணம் குறைகிறது.

புதிய துறை வந்த பிறகும் தாக்குதல்கள் நிற்கவில்லை. 2007 டிசம்பர் 11 அன்று அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் நடந்த குண்டுவெடிப்பில் ஐ.நா. ஊழியர்கள் 17 பேர் இறந்தனர், பெரும்பாலோர் அல்ஜீரியர். லக்தர் பிராஹிமி தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 2011 முதல் ஆபத்தை ஆறு நிலைகளாக மதிப்பிடும் முறை நடைமுறைக்கு வந்தது. எப்போது வெளியேறுவது என்று கேட்டுவந்த நிர்வாகம், எப்படித் தங்கிப் பணியைத் தொடர்வது என்று கேட்கத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். ஒரு பணி எவ்வளவு இன்றியமையாதது என்பதை எடைபோட்ட பிறகே அதற்காக எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள்.

இந்த எடைபோடலில் உள்ளூர் ஊழியர்களின் இடம் இன்றும் சரியாக அமையவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வீட்டுக் காவலாளியும் ஜன்னல் கிராதியும் செலவுக் கணக்கில் சேரும். நிலைமை முற்றினால் அவரை நாட்டை விட்டு வெளியேற்றுவார்கள். உள்ளூர் ஊழியர் தம் சொந்த வீட்டில், சொந்தக் குடும்பத்தோடு வாழ்கிறார். அவரை நாட்டுக்கு வெளியே அழைத்துச் செல்வது விதிவிலக்காக மட்டுமே நடக்கும். ஆபத்துப் படியும் வெளிநாட்டவருக்கு எங்கும் ஒரே தொகை; உள்ளூர்க்காரருக்கோ அந்நாட்டுச் சம்பள விகிதத்தில் ஒரு பங்கு.

இலங்கையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாது என்று அரசு அறிவித்ததும், ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். உள்ளூர்த் தமிழ் ஊழியர்கள் பலரும் அவர்கள் குடும்பங்களும் வெளியேற விடுதலைப் புலிகள் அனுமதி தரவில்லை, போர்முனைக்குள் சிக்கிக்கொண்டார்கள். சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வு 2012இல் இலங்கையில் ஐ.நா.வின் செயல்பாட்டைக் கடுமையாக விமர்சித்தது. அரசின் உத்தரவாதம் இல்லாதபோது உள்ளூர் ஊழியரை யார் காப்பது என்பதற்கு விதிகளில் தெளிவான விடை இன்னும் இல்லை. 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பின் காஸாவில், பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமையின் ஊழியர்கள் 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்கள் அந்த மண்ணின் ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள், நிவாரண ஊழியர்கள். பலர் தம் வீடுகளில் குடும்பத்தோடு இறந்தனர்.