அறுவைக்குப் பிந்தைய இரவும் செவிலியர் எண்ணிக்கையும்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவர் இறந்துவிட்டால், காரணத்தை அறுவை அரங்குக்குள் தேடுவதே நம் வழக்கம். மருத்துவரின் கைத்திறனையும் மயக்க மருந்தையும் கருவிகளையும் ஆராய்கிறோம். இறப்புகள் பெரும்பாலும் நிகழ்வது அங்கே அல்ல. 25 ஆப்பிரிக்க நாடுகளில் 247 மருத்துவமனைகளின் 11,422 நோயாளிகளைப் பின்தொடர்ந்த புரூஸ் பிக்கார்டு குழுவினரின் ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளிவந்தது. இறந்தவர்களில் 94 விழுக்காட்டினர் அறுவை நடந்த நாள் கழிந்த பிறகே இறந்திருந்தனர். ஆய்வில் இடம்பெற்ற நோயாளிகள் உலகச் சராசரியை விட இளையவர்கள், அபாயம் குறைந்தவர்கள்; ஆனாலும் இறப்பு விகிதம் அச்சராசரியைப் போல் இரு மடங்கு. மேசையிலிருந்து உயிரோடு இறங்கியவர்களை வார்டில் இழந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வார்டில் எத்தனை செவிலியர் என்பதை நிர்வாகக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது, அதை அறுவைச் சிகிச்சையின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சிக்கல் வருவது வேறு, சிக்கல் வந்தவரைக் காப்பாற்ற முடியாமல் போவது வேறு. இந்த வேறுபாட்டை 1992இல் ஜெஃப்ரி சில்பரும் உடன் ஆய்வாளர்களும் அளவிடத் தக்கதாக்கினர். பின்னதை ‘மீட்கத் தவறுதல்’ எனலாம். 2009இல் அமெரிக்காவில் கஃபேரி, பிர்க்மேயர், டிமிக் ஆகியோர் 84,730 அறுவை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். இறப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளிலும் மிக அதிகமான மருத்துவமனைகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிக்கல் வந்திருந்தது. ஏறத்தாழச் சமம். பெருஞ்சிக்கல் வந்தவர்களில் இறந்தோரோ முன்னவற்றில் 12.5 விழுக்காடு, பின்னவற்றில் 21.4 விழுக்காடு. சிக்கல் தலைகாட்டிய நேரத்துக்கும் மருத்துவர் படுக்கையருகே வந்த நேரத்துக்கும் இடையில் நடந்தது, அல்லது நடக்காமல் போனது, இந்த இறப்பு வேறுபாட்டில் பெரும்பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு.

அந்த இடைவேளையில் செவிலியர் என்ன பார்க்கிறார்? வயிற்றுக்குள் ரத்தம் கசியும் இளைஞருக்கு ரத்த அழுத்தம் உடனே விழுந்துவிடாது. உடல் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நாடி மட்டும் ஏறும், கைகால் குளிரும், சிறுநீர்ப் பையில் அளவு குறையும். கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். குடலை வெட்டி இணைத்தவருக்குச் சில நாள் கழித்துத் தையல் கசிந்தால், வயிறு இறுகுவதற்கு முன்பே மூச்சு வேகமாகலாம். வலிக்கு மார்ஃபின் வகை மருந்து பெற்றவருக்கோ எதிர்ப்புறமாக மூச்சு மெதுவாகும். பக்கத்தில் இருக்கும் மனைவி ‘நல்லா தூங்குறாரு சிஸ்டர்’ என்று நிம்மதியாகச் சொல்வார். பயிற்சி பெற்ற கண்ணுக்குக் கவலை தொடங்கும் இடம் அதுதான். ‘காத்து பிரிஞ்சுதா?’ என்று காலையில் கேட்கும் கேள்விகூடக் குடல் இயங்கத் தொடங்கியதா என்பதற்கான பரிசோதனையே.

இவை எல்லாவற்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது மூச்சின் எண்ணிக்கை. பிரிட்டனில் 2012இல் அறிமுகமான தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 மூச்சு என்பது ஒன்றே அந்த அளவீட்டின் உச்ச மதிப்பெண்ணான 3 பெற்றுத் தரும். ஆனால் அதைச் சரியாக அறிய முழு நிமிடம் அருகில் நின்று எண்ண வேண்டும். நேரமில்லாத வார்டுகளில் 18, 20 என்ற எண்களே கேஸ் ஷீட்டில் வரிசையாக விழுவதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமாகாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், வெப்பம், வடிகுழாய், சிறுநீர் எல்லாம் பார்த்து எழுத ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், 30 படுக்கைகளுக்கு இரண்டரை மணி நேரம். நான்கு மணிக்கொரு முறை என்றால், மீதமுள்ள ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊசிகளும் டிரிப் மாற்றுவதும் தியேட்டரிலிருந்து புதிதாக வருபவரும் அடங்கியாக வேண்டும். இது ஒருவரால் இயலாத வேலை. லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுந்தோறும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது.

ஆள் சேர்க்காமல், இருப்பவர்களைக் கொண்டே கண்காணிப்பைக் கூட்ட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. 28 ஆப்பிரிக்க நாடுகளின் 332 மருத்துவமனைகளைச் சேர்த்து நடந்து 2021இல் வெளியான சோதனை இதற்குப் பதில் தேடியது. அபாயம் மிகுந்தவரைச் செவிலியர் மேசையிலிருந்து தெரியும் படுக்கைக்கு மாற்றுதல், அடிக்கடி பார்த்தல், உறவினரை உடன் இருக்க விடுதல், படுக்கையருகே வழிகாட்டித் தாள் வைத்தல் ஆகியவை அதில் அடக்கம். இறப்பு குறையவில்லை. கண்காணிப்பே பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வதை நான் ஏற்கவில்லை. கைகளைக் கூட்டாமல் கடமையை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதையே அது காட்டுகிறது என்பேன். உறவினர் உடனிருப்பது நம் அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம். கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்து, சிறுநீர்ப் பையைக் காலி செய்து, டிரிப் தீரும்போது ஓடிவந்து சொல்லும் அந்த அம்மாக்களின் உழைப்பு பெரிது. எனினும் எந்த மூச்சு ஆபத்தானது என்று அறியும் பொறுப்பை அவர்கள் தலையில் வைப்பது அறமாகாது.

எய்க்கனின் ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை என்ற மறுப்பு வலுவானது. அதற்கு விடை தேட ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே 2016இல் 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று வரம்பு வந்தது. வரம்பு வராத மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு மெக்ஹியூ குழுவினர் 2021இல் எழுதினர். வரம்பு வந்த இடங்களில் இறப்பும் தங்கும் நாட்களும் குறைந்தன; திரும்ப வந்து சேர்வது, மற்ற மருத்துவமனைகளில் கூடியது போல் அங்கே கூடவில்லை. மிச்சமான செலவு, கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

தமிழ்நாட்டில் மகப்பேறு இறப்புகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யும் நடைமுறை நெடுங்காலமாக உள்ளது. அறுவைக்குப் பின் வார்டில் நேரும் இறப்புகளுக்கும் அதை விரிக்கலாம். படிவத்தில் மூன்று கேள்விகள் கட்டாயம் இருக்கட்டும்: அந்த ஷிஃப்டில் எத்தனை செவிலியர், அவர்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், முதல் மாறுதல் பதிவானதற்கும் மருத்துவர் வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்.