விதிப்புத்தகமும் வேட்கையும்: ஜெர்மானிய வேகக் கார்களின் வரலாற்றில் ஒரு பக்கம்

ஜெர்மானிய வேகக் கார்களின் மீதுள்ள ஈர்ப்பைப் பொறியியல் திறத்தின் இயல்பான விளைவாகவே பலரும் விளக்குகின்றனர். எஞ்சினின் நுட்பம் முக்கியந்தான். ஆனால் ஒரு காரை ஓட்டும் இன்பம் வேறு, அதனைத் தன் உடைமையாக்கிக்கொள்ளும் வேட்கை வேறு. இரண்டாவதை உருவாக்கியதில் பந்தய விதிகளை எழுதிய அலுவலர்களின் பங்கு, பொறியாளர்களின் பங்கிற்குச் சற்றும் குறைந்ததன்று.

ஒரு குறிப்பிட்ட பிரிவில் போட்டியிட வேண்டுமாயின், அந்தக் கார் குறைந்தபட்ச எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பன்னாட்டுப் பந்தய விதி. ஹோமோலகேஷன் என இதனை அழைப்பர். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் வெளியிட்ட 911 கரேரா ஆர்எஸ் 2.7 இவ்விதியின் குழந்தை. தேவைப்பட்டவை 500 கார்கள். அத்தனை பேர் வாங்குவார்களா என்று விற்பனைப் பிரிவினரே ஐயுற்றனர். இறுதியில் ஏறத்தாழ 1,580 கார்கள் உருவாயின. எடையைக் குறைப்பதற்காகப் பின்னிருக்கைகளும் கடிகாரமும் நீக்கப்பட்டு, மெல்லிய தகடும் கண்ணாடியும் பொருத்தப்பட்டிருந்தன. ஆயினும் அந்த எடைகுறைந்த வடிவத்தை வாங்கியோர் சுமார் 200 பேரே. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வசதிகளைத் திரும்பச் சேர்த்த ‘டூரிங்’ வடிவத்தைத் தேர்ந்தனர். பந்தயக் காரின் வம்சாவளியை விரும்பிய அளவுக்கு அதன் துன்பத்தை அவர்கள் விரும்பவில்லை!

1986இல் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்3 இன்னும் தெளிவான சான்று. ‘குரூப் ஏ’ விதி 12 மாதங்களில் 5,000 கார்களைக் கோரியது. அதற்காகச் சாதாரண 3 சீரிஸ் காரின் சக்கர வளைவுகள் அகலப்படுத்தப்பட்டன, பின்கண்ணாடியின் சாய்வு மாற்றப்பட்டது, பின்மூடி உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய வடிவத்தில் முதல் கியர்கூடப் பந்தயக் கார்களின் முறைப்படி இடப்புறம் கீழே அமைந்தது. பால் ரோஷே வடிவமைத்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் வரலாறு தனிச் சுவை உடையது. 1959இல் டைம்லர்-பென்ஸின் கைக்குப் போகவிருந்து, ஹெர்பர்ட் குவாண்ட்டின் முதலீட்டால் பிழைத்த நிறுவனம் பிஎம்டபிள்யூ. அதனை நிமிர்த்திய 1960களின் குடும்பக் கார்களில் இருந்த அதே எஞ்சின் அடிக்கட்டமைப்பே, டர்போ ஊட்டப்பட்டு, 1983இல் நெல்சன் பிகேவுக்கு ஃபார்முலா 1 பட்டத்தைத் தந்தது. எம்3 எஞ்சினும் அவ்வடிப்படையிலிருந்தே கிளைத்தது. அலுவலகத்திற்குச் செல்லும் நான்கு இருக்கைக் காரினுள் இத்தகைய மரபு ஒளிந்திருப்பதை உரிமையாளர் அறிவார், அண்டைவீட்டார் அறியார். வேட்கையின் பெரும்பகுதி இந்த மறைபொருளில் இருந்தது எனலாம். 1987இல் உலக டூரிங் கார் பட்டத்தை ராபர்ட்டோ ரவாலியா எம்3இல் வென்றபின் அந்த மறைபொருளும் அவ்வளவாக மறைந்திருக்கவில்லை.

இத்தகைய காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு வெளி வேண்டும். அதனை அளித்தது ஆட்டோபான். நாஜி ஆட்சி 1939இல் விதித்த வேகவரம்புகளை மேற்கு ஜெர்மனி 1953இல் நீக்கியது. உயிரிழப்புகள் பெருகவே, 1957இல் ஊர்களுக்குள் மட்டும் மணிக்கு 50 கி.மீ. வரம்பு மீண்டும் வந்தது. 1970இல் மேற்கு ஜெர்மனிச் சாலைகளில் இறந்தோர் 19,000க்கும் மேல். வேகத்தின் கவர்ச்சியைப் பேசும் நூல்கள் இவ்வெண்ணைப் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே வைக்கின்றன.

1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போவை அறிமுகப்படுத்தியபோது, முன்னே செல்பவர் தம் கண்ணாடியில் நேராக வாசிக்கும்படி அதன் முகப்பில் பெயர் தலைகீழ்ப் பிம்பமாக எழுதப்பட்டிருந்தது. ‘வழிவிடு’ என்பதே அதன் பொருள். எதிர்ப்பு நாடாளுமன்றம் வரை சென்றது. சில வாரங்களில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பரில் கார்களற்ற ஞாயிற்றுக்கிழமைகளும் ஆட்டோபானில் மணிக்கு 100 கி.மீ. வரம்பும் நடைமுறைக்கு வந்தன. டர்போவின் தயாரிப்பு 1,672 கார்களோடு முடிந்தது. வேகவரம்போ சில மாதங்களே நீடித்தது: தடையற்ற பயணத்தைக் குடிமக்களின் சுதந்திரத்தோடு இணைத்து வாகன உரிமையாளர் சங்கம் இயக்கம் நடத்த, 1974 மார்ச்சில் அது விலக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த மணிக்கு 130 கி.மீ. என்பது வெறும் பரிந்துரை. இன்றும் அது பரிந்துரையாகவே இருக்கிறது.