உங்க கேள்வி என்ன? - ஆய்வு முன்மொழிவும் அல்லூர்க் கல்வெட்டுகளும்



போன மாதம் என் பி.எச்.டி. ஆய்வு முன்மொழிவைக் குழுவின் முன்னால் வைத்தேன். உப்பிலியபுரத்தில் விடியற்காலையிலேயே பஸ் ஏறி, துறையூரில் மாறி, திருச்சி வந்து சேர்ந்தபோது சட்டை கசங்கியிருந்தது. தைரியம் மட்டும் குறையவில்லை. பென் டிரைவில் 28 ஸ்லைடுகள். தலைப்பு: 'சோழர் காலத்தில் திருச்சிராப்பள்ளி வட்டாரம் - சமூகம், பொருளாதாரம், சமயம்'.

இருபது நிமிடம் விடாமல் பேசினேன். முடித்ததும் குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எல்லாம் சொன்னீங்க. உங்க கேள்வி என்ன?"

நான் மறுபடியும் தலைப்பைச் சொன்னேன். "அது தலைப்பு. நான் கேட்டது கேள்வி" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துத் திருத்திக் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்கிறார், "பாஸா, ஃபெயிலா?" இரண்டும் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்றிலிருந்து, நமக்கு முன்னால் போனவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் இரண்டு கதைகளை இங்கே சொல்கிறேன். என்னைப் போல முழிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் கதை நம் எல்லோருக்கும் தெரிந்த ராமானுஜனுடையது. ஆனால் நாம் பள்ளியில் படித்தது ஹார்டிக்குப் போன கடிதத்தோடு லண்டனுக்குக் கப்பல் ஏறிவிடும். நடுவில் சென்னையில் ஒன்று நடந்தது. 1913இல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பிப்ரவரி மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மார்ச்சில் கணிதப் பாடக்குழு கூடி, ஆய்வு உதவித்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு வருடம். முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதிக்கு அரசாங்கத்தின் அனுமதியோடு விலக்குக் கொடுத்தார்கள்.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் ஆகஸ்டில் அவர் கொடுத்த முதல் அறிக்கை, தொகையீடுகளைக் கணக்கிடும் ஒரு முறையைப் பற்றியது. கணிதத்தின் எல்லாக் கிளைகளையும் ஆராயப் போகிறேன் என்று அவர் எழுதவில்லை. இந்த முறை, இது செல்லுபடியாகும் இடம், இதிலிருந்து கிடைப்பவை - இவ்வளவுதான். ராமானுஜனே குழுவுக்கு அறிக்கை கொடுத்தார் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது :-)

(ஒரு தகவல்: 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கொடுத்தது ஆய்வின் பேரில் பி.ஏ. பட்டம்தான். அப்போது அங்கே பி.எச்.டி. கிடையாது. ஜெர்மனியில் வளர்ந்த முறை இது; அமெரிக்காவில் யேல் 1861இலேயே கொடுத்துவிட்டது; ஆக்ஸ்போர்டு 1917இல்தான் ஏற்றுக்கொண்டது.)

ஆனால் நான் கணித மாணவன் இல்லை, வரலாற்று மாணவன். எனக்குப் பாடம் சொன்ன இரண்டாவது கதை திருச்சிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நொபொரு கராஷிமா ஜப்பான்காரர். 1933இல் டோக்கியோவில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமிழும் கல்வெட்டும் கற்றார். அப்போது மத்திய அரசின் கல்வெட்டுத் துறை அலுவலகம் ஊட்டியில் இருந்தது. அங்கேயும் போய் உட்கார்ந்து மைப்படிகளைப் படித்தார்.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய இந்தியக் கிராமங்களில் நிலம் யாருக்குச் சொந்தம்? ஊர்ப் பொதுவா, தனி ஆளுக்கா? கிராம சமுதாயங்கள் காலங்காலமாக மாறாமல் கிடந்தன என்று கார்ல் மார்க்ஸ் 1853இலேயே எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் சான்றுகள் இருந்தன. காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்வெட்டு, தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்வெட்டு என்று எடுத்துக் காட்டினால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்.

கராஷிமா என்ன செய்தார் தெரியுமா? இரண்டே இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று அல்லூர். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், ஜீயபுரத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. இன்னொன்று அதை ஒட்டியிருந்த ஈசானமங்கலம். அல்லூர் வெள்ளாண்மை ஊர். ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயம். இரண்டுக்கும் ஒரே ஆறு, கிட்டத்தட்ட ஒரே காலம்.

கேட்ட கேள்வியும் ஒன்றுதான். இந்தக் கல்வெட்டுகளில் நிலத்தை விற்பவர், கொடுப்பவர் யார்? அல்லூரில் 'ஊர்' என்ற சபையே சேர்ந்து நிலத்தை விற்றது. ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்றார்கள். அதாவது, பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே நிலவுடைமை வேறு வேறாக இருந்திருக்கிறது. இதைக் கட்டுரையாக 1966இல் வெளியிட்டார்.

இரண்டு ஊரை வைத்துச் சோழ நாட்டையே சொல்லிவிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். அதனால்தான் பிறகு கீழ்க்காவிரிப் பகுதிக் கல்வெட்டுகளை முற்காலம், பிற்காலம் என்று பிரித்து ஒப்பிட்டார். பிற்காலச் சோழர் காலத்தில் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பெருகியதைக் காட்டினார். 'மாறாத கிராமம்' என்ற வாதத்துக்கு விழுந்த பலமான அடி அது. எல்லாம் தொடங்கியது நம்ம ஊர் டவுன் பஸ் போகும் தூரத்தில்! 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 2015இல் மறைந்தார்.

அவரோடு பல காலம் சேர்ந்து உழைத்த எ. சுப்பராயலுவும் இதே வழிதான். சோழர் கால 'நாடு' என்பது எது, அதில் எந்த எந்த ஊர்கள் அடங்கும் என்று கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை வைத்து வரைபடம் போட்டார். 1973இல் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் சோழர் காலத்தைப் படிப்பவர்கள் அதைத் தொடாமல் போக முடியாது.

இவ்வளவையும் படித்த பிறகு என் 28 ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. நான் வைத்திருந்தது ஒரு பொருளடக்கம். சமூகம், பொருளாதாரம், சமயம் என்று பெட்டிகளை அடுக்கி, எல்லாவற்றையும் நிரப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி ஆய்வுக்குக் குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு வருடம். நான் போட்ட திட்டத்துக்கு அறுபது வருடம் போதாது!

ஆய்வு முன்மொழிவில் தலைப்பு, முந்தைய ஆய்வுகள், கருதுகோள், சான்றுகள், ஆய்வு முறை, இயல் பகுப்பு, கால அட்டவணை எல்லாம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேள்வி ஒன்று இருந்தால்தான் மற்றவை உயிர் பெறுகின்றன. கேள்வி இருந்தால், எந்தச் சான்று வேண்டும், எது வேண்டாம் என்று தெரியும். முந்தைய ஆய்வுகளில் யாரோடு பேச வேண்டும் என்று தெரியும். என் கருதுகோள் தவறாகப் போனாலும் அது ஒரு விடைதான் என்ற தைரியமும் வரும்.

இப்போது மறுபடி எழுதியிருக்கிறேன். துறையூரிலிருந்து வரும்போது நம்பர் ஒன் டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலம் ஏறினால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். எத்தனையோ தடவை பார்த்தது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதி 1982இல் வந்திருக்கிறது. 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். அவற்றில் 13ஆம் நூற்றாண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சோழர் தளர்ந்து, ஹொய்சாளர் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் வந்து தங்கி, பிறகு பாண்டியர் கை ஓங்கிய காலம். என் கேள்வி இதுதான்: அப்போது கோயிலுக்கு நிலம் கொடுத்தவர்கள் யார், அந்த நிலம் அவர்களிடம் எப்படி வந்தது?

இந்தத் தடவை 9 ஸ்லைடுகள். கேள்வி முதல் ஸ்லைடிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் குழு கூடுகிறது. என்ன சொல்வார்களோ தெரியாது. குழுவுக்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரியில் சொல்ல முடிந்தது.

கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "நிலம் எப்படி வந்துச்சுன்னு பாக்கறதுன்னா, பத்திரம் இருக்கா?"

"கல்லுல இருக்குப்பா."

"அப்ப சரி, போய்ப் பாரு" என்றார்.

நீங்களும் முன்மொழிவு எழுதிக்கொண்டிருந்தால், உங்கள் கேள்வியை முதலில் வீட்டில் ஒருவரிடம் ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கிணற்றைத் தாண்டியதும் வந்து சொல்கிறேன்.