ஏழாண்டுகள் காத்திருந்த இசை

ஓர் இசைப்படைப்பின் வரலாற்றை அது அரங்கேறிய நாளிலிருந்து சொல்லத் தொடங்குவதே வழக்கம். ஆனால், ருஷ்ய இசைமேதை திமித்ரி ஷோஸ்டகோவிச் இயற்றிய முதலாவது வயலின் கன்செர்ட்டோவைப் பொறுத்தவரை, அது அரங்கேறாதிருந்த ஆண்டுகளையே நாம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தனி வாத்தியம் ஒன்றும் பெரிய வாத்தியக் குழுவும் தம்முள் உரையாடுவதுபோல் அமைந்த மேனாட்டு இசைவகையே கன்செர்ட்டோ. அத்தகைய படைப்பொன்றை, வயலின் மேதை டேவிட் ஓய்ஸ்ட்ராக்குக்காக 1947ஆம் ஆண்டு ஜூலையில் ஷோஸ்டகோவிச் எழுதத் தொடங்கினார். அது முடியுமுன்னரே இடி விழுந்தது. 1948 பிப்ரவரி 10ஆம் நாள் சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் குழு வெளியிட்ட தீர்மானம், ஷோஸ்டகோவிச், புரோகோபீவ், கச்சதூரியான் முதலியோரின் இசை மக்களுக்குப் புறம்பானது என்று கண்டித்தது. மாஸ்கோ, லெனின்கிராடு இசைக் கல்லூரிகளில் தாம் வகித்த ஆசிரியப் பதவிகளையும் அவர் அவ்வாண்டில் இழந்தார்.

எனினும் எழுதுகோல் ஓயவில்லை. மார்ச்சு மாதத்தில் படைப்பு நிறைவெய்தியது. தீர்மானம் வெளியானபோது தாம் எழுதிக்கொண்டிருந்த இடத்தைப் பின்னொரு சமயம் இசைஞர் ஒருவருக்கு அவர் சுட்டிக் காட்டினாராம். அவ்விடத்திற்கு முன்னும் பின்னும் சுரங்களின் ஓட்டத்தில் யாதொரு மாறுதலும் புலப்படவில்லை என்பர்.

எழுதி முடித்த படைப்பு மேசை அறைக்குள் உறங்கிற்று. 1953 மார்ச்சு 5ஆம் நாள் ஸ்டாலின் மறைந்தார். 1955 அக்டோபர் 29ஆம் நாள், இன்று செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் என வழங்கும் லெனின்கிராடு நகரில், மிராவின்ஸ்கி வாத்தியக் குழுவை நடத்த, ஓய்ஸ்ட்ராக் அதனை முதன்முதலாக வாசித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் நியூயார்க் நகரமும் அவர் கையால் அதனைக் கேட்டது.

இப்படைப்பு நான்கு பகுதிகளை உடையது. வாத்தியக் குழுவில் டிரம்பெட்டும் டிராம்போனும் இல்லை. ஆதலின் ஆரவாரம் குறைந்து ஆழம் மிகுகின்றது. மூன்றாம் பகுதியில், பதினேழு அளவைகள் கொண்ட ஒரே மெட்டு அடித்தளமாக மீண்டும் மீண்டும் வர, அதன்மேல் வயலின் தன் துயரைச் சொல்கிறது. பின்னர்க் குழு முழுவதும் அடங்கிவிட, வயலின் மட்டும் நெடுநேரம் தனித்து ஒலிக்கிறது. அதன் முடிவில் இடைவெளியின்றி இறுதிப் பகுதியையும் வயலினே தொடங்குமாறு ஆசிரியர் முதலில் எழுதியிருந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ளவேனும் அவகாசம் வேண்டுமென்று ஓய்ஸ்ட்ராக் கேட்க, அத்தொடக்கத்தை அவர் வாத்தியக் குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார்.

கட்சியின் கண்டனத்துக்காக ஒரு சுரத்தையும் மாற்றாதவர், கலைஞனின் களைப்புக்காக எட்டு அளவைகளை மாற்றினார். அவர்தம் உள்ளத்தை அறிய நமக்கு இஃதொன்றே போதும்.