வார்சாவின் பழைய நகரம் எத்தனை வருஷப் பழசு?

வழக்கமா ஒரு புத்தகத்தையோ ஒரு ஆளையோ எடுத்துக்கிட்டுப் பேசுவோம். இந்த எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு சனி, ஞாயிறு ரெண்டு நாள் நான் கால் வலிக்க நடந்த ஒரு ஊரைப் பத்திப் பேசப் போறேன்.

நான் பெர்லின்ல சிவில் எஞ்சினியரிங்கில் முதுகலை படிக்கிறேன். அங்கிருந்து போலந்தோட தலைநகர் வார்சாவுக்கு நேர் ரயில் இருக்கு. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். முன்கூட்டியே எடுத்தா டிக்கெட் விலையும் மாணவன் பைக்குக் கட்டுப்படியாகும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வகுப்பு முடிஞ்சதும் ஒரு தோள் பை, ரெண்டு ரொட்டிப் பொட்டலம், அவ்வளவுதான். கிளம்பிட்டேன். எட்டுப் பேர் படுக்கிற ஒரு ஹாஸ்டல் அறையில ஒரு மேல்கட்டில்.

சனிக்கிழமை காலையில முதல் வேலையா பழைய நகரத்துக்குப் போனேன். கோட்டைச் சதுக்கத்துல ஒரு உயரமான தூண். மேல மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னன், ஒரு கையில சிலுவை, ஒரு கையில வாள். அதைத் தாண்டி உள்ளே போனா குறுகலான கல் பாவிய தெருக்கள். நடுவுல சந்தைச் சதுக்கம். நாலு பக்கமும் மஞ்சள், காவி, பச்சைன்னு ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகள். போட்டோ எடுத்துத் தள்ளி வீட்டு குரூப்ல போட்டேன். பத்து நிமிஷத்துல அம்மா கூப்பிட்டாங்க.

"ஏன்டா, எவ்ளோ அழகா இருக்கு! எத்தனை வருஷத்துப் பழைய ஊரு அது?"

"எழுநூறு வருஷம்மா," அப்படின்னுட்டேன்.

ஊர் உருவான காலத்தை வெச்சுப் பார்த்தா அது தப்பில்லை. ஆனா அம்மா கேட்டது அந்தப் போட்டோவுல இருக்கிற வீடுகளை. அந்த வீடுகள் 1953-ல திறக்கப்பட்டவை. இதை நான் படிச்சிருக்கேன். இந்த நிகழ்ச்சியிலேயே வார்சா அழிஞ்ச கதையை ஒரு தடவை சொல்லியும் இருக்கேன். அப்படியிருந்தும் அங்கே நின்னப்ப என் கண்ணு அதை நம்பத் தயாரா இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. குண்டுவீச்சில் அரண்மனை எரிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருட ஆக்கிரமிப்பு. 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வார்சாவின் தலைமறைவுப் படை எழுச்சியில் இறங்கியது. 63 நாள் சண்டை. ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை பொதுமக்கள் செத்துப்போனதாகக் கணக்கிடுகிறார்கள். அக்டோபர் ஆரம்பத்தில் சரணடைந்த பிறகு, மிச்சம் இருந்த ஜனங்களை ஊரை விட்டு வெளியேற்றினார்கள்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். சண்டை முடிஞ்சு போச்சு. ஊர்ல எதிர்க்க ஆள் இல்லை. அதுக்கு மேலதான் ஜெர்மானியர்கள் தெருத் தெருவா, வீடு வீடா, தனிப் படைகளை வெச்சு எரிச்சாங்க, வெடி வெச்சுத் தகர்த்தாங்க. எந்தக் கட்டடத்துக்கு முதல்லன்னு ஒரு முறையோட செஞ்சாங்க. அரண்மனைச் சுவர்களையும் வெடி வெச்சுத் தகர்த்திருந்தாங்க. 1945 ஜனவரி 17 அன்னைக்கு சோவியத் படை உள்ளே வந்தப்ப, வரலாற்று மையத்துல 85 சதவீதத்துக்கு மேல இல்லாமப் போயிருந்துச்சு.

நான் பார்த்த அந்தத் தூணும் புதுசுதான். 1644-ல வெச்ச சிலை 1944 செப்டம்பர்ல கீழே விழுந்து, தப்பிச்சு, 1949-ல புதுக் கருங்கல் தூண் மேல ஏறுச்சு. உடைஞ்ச பழைய தூண் துண்டுகளை அரண்மனைச் சுவருக்குப் பக்கத்துல புல்தரையில கிடத்தி வெச்சிருக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க அது மேல ஏறி விளையாடிட்டு இருந்தாங்க.

இப்போ ஒரு எஞ்சினியரிங் மாணவனுக்கு வர வேண்டிய கேள்வி வந்துச்சு. இடிஞ்ச வீட்டை எதை வெச்சு அப்படியே கட்டினாங்க?

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்ற பதில், "கானலெட்டோ ஓவியங்களை வெச்சு". பெர்னார்டோ பெல்லோட்டோன்னு ஒரு இத்தாலிய ஓவியர். வெனிஸ் கானலெட்டோவோட சகோதரி பையன், மாமா பேரையே போட்டுக்கிட்டவர். 1770-களில் போலந்து மன்னருக்காக வார்சாவின் தெருக்களை ஒவ்வொரு ஜன்னலும் தெரியிற மாதிரி வரைஞ்சார். அந்தப் படங்கள் இப்ப அரண்மனையில ஒரு அறை முழுக்க மாட்டியிருக்கு. அரண்மனையிலிருந்து தெற்கே போற அரச வீதிக் கட்டடங்களுக்கு அவை உதவினது உண்மை. ஆனா அவர் வரைஞ்சது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். சந்தைச் சதுக்கத்து வீடுகளுக்கு அளவு வேணும். கதவு அகலம், மாடி உயரம், படிக்கட்டு எந்த மூலைன்னு எந்த ஓவியமும் சொல்லாது.

அதைச் சொன்னவங்க மாணவர்கள். வார்சா பாலிடெக்னிக்ல போலந்துக் கட்டடக்கலைக்குன்னு ஒரு துறை. போருக்கு முன்னாடியே அதோட மாணவர்கள் டேப்பும் பலகையுமா போய் பழைய கட்டடங்களை அளந்து வரைஞ்சுட்டு இருந்தாங்க. நாங்க இன்னைக்கும் செய்ற அதே வேலை. மதிப்பெண்ணுக்காகச் செய்ற, அலுத்துப்போற வேலை. துறைத் தலைவர் ஓஸ்கர் சொஸ்னோவ்ஸ்கி 1939 முற்றுகையில அந்த வரைபடங்களைக் காப்பாத்தப் போய்க் காயம்பட்டு இறந்தார். அவருக்கு அப்புறம் யான் ஸக்வாடோவிச் என்ற கட்டடக் கலைஞரும் கூட்டாளிகளும் ஆக்கிரமிப்புக் காலத்துலயும் ரகசியமா வரைஞ்சு சேர்த்தாங்க. எழுச்சி தோத்த பிறகு, ஊரே வெளியேறிட்டு இருந்த நேரத்துல, அந்தக் கட்டுகளை வார்சாவை விட்டுக் கடத்தி பியோத்ர்குவ் என்ற ஊர்ல ஒரு மடாலயத்துக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க.

போர் முடிஞ்சதும் ஸக்வாடோவிச்தான் நாட்டோட நினைவுச்சின்னங்களுக்குத் தலைமைப் பொறுப்பு. இடிஞ்சதை மறுபடி கட்டி "இது பழசு"ன்னு சொல்லக் கூடாதுங்கிறது பாதுகாப்புத் துறையோட அடிப்படைப் பாடம். அந்தப் பாடம் அவருக்கும் தெரியும். திட்டம் போட்டு அழிச்ச ஒன்றை அப்படியே விட்டா, அழிச்சவன் நினைச்சது நடந்துடும் என்பது அவர் பக்க வாதம். 1953 ஜூலையில சந்தைச் சதுக்கம் திறந்தாங்க. அரண்மனைக்கு இன்னும் பல வருஷம். 1971-ல ஆரம்பிச்சு, மக்கள் நன்கொடையில வளர்ந்து, 1984-ல உள்ளே விட்டாங்க. யுனெஸ்கோ 1980-ல பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

இதுல விட்டுக்கொடுத்ததும் நிறைய. முகப்பு மட்டும்தான் பழைய சாயல். உள்ளே எல்லாம் அந்தக் காலத்துப் புது ஃபிளாட். பின்கட்டுல நெருக்கியடிச்சு இருந்த குடியிருப்புகளைத் திரும்பக் கட்டலை. காத்து வரட்டும்னு முற்றமா விட்டுட்டாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஏத்தின மாடிகளையும் தவிர்த்துட்டாங்க. செங்கல் பத்தலைன்னு வ்ரோட்ஸ்வாஃப் மாதிரி ஊர்கள்ல இடிஞ்ச கட்டடங்களை உடைச்சு ரயில்ல கொண்டு வந்தாங்க. ஒரு ஊர் எழும்ப இன்னொரு ஊர் செங்கல் கொடுத்துச்சு.

சனிக்கிழமை ராத்திரி அம்மாவுக்குத் திரும்ப போன் பண்ணி இதைச் சொன்னேன். "அப்போ உன் பாட்டியைவிடச் சின்ன வீடுங்களாடா!"ன்னு சிரிச்சாங்க. கொஞ்சம் நிறுத்தி, "சரி, அங்க இருந்த ஜனங்க?"ன்னு கேட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு பூங்காவும் ஒரு படகு சவாரியும் வெச்சிருந்தேன். அதை விட்டுட்டு, பழைய நகரத்துல இருந்து மேற்கே இருபது நிமிஷம் நடந்தேன். முரானூஃப்.

பார்க்க ஒண்ணும் இல்லை. நாலஞ்சு மாடிக் குடியிருப்புகள், மரங்கள், ஊஞ்சல், மளிகைக் கடை. போற வழியில ஓரிடத்துல நடைபாதையில ஒரு இரும்புப் பட்டை பதிச்சிருக்கு. கெட்டோ சுவர், 1940–1943 என்று எழுதியிருக்கு. அவ்வளவுதான் அடையாளம்.

போருக்கு முன்னால் இது யூதர்கள் அடர்த்தியாக வாழ்ந்த பகுதி. 1940 நவம்பரில் ஜெர்மானியர்கள் இதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். 1941-ல் சுமார் மூன்று சதுர கிலோமீட்டருக்குள் நாலரை லட்சம் பேருக்கு மேல். பசியும் டைஃபஸும் முதலில் கொன்றன. 1942 ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ரயிலேற்றி ட்ரெப்ளிங்காவில் கொன்றார்கள். 1943 ஏப்ரல் 19-ல் மிச்சம் இருந்தவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். மே மாதம் அதை அடக்கி, பெரிய தொழுகைக்கூடத்தை வெடி வைத்துத் தகர்த்து, முழுப் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள்.

இந்த இடத்தை யாரும் பழையபடி கட்டலை. இடிபாட்டை அள்ளி முடியாதுன்னு அது மேலயே கட்டினாங்க. போஹ்தான் லாஹெர்ட் என்ற கட்டடக் கலைஞர், இடிஞ்ச செங்கலை நொறுக்கி கான்கிரீட்ல கலந்து புதுக் கட்டை செஞ்சு, அதுலயே வீடுகளை எழுப்பினார். பூச்சு இல்லாம அந்தச் செம்மை அப்படியே தெரியணும்னு நினைச்சார். குடியிருப்பவங்களுக்கு இருட்டடிச்ச மாதிரி இருக்குன்னு கொஞ்ச நாள்லயே பூசி வெள்ளையடிச்சுட்டாங்க. தெருவுல இருந்து சில வீடுகளுக்கு ஏழெட்டுப் படி ஏறித்தான் போகணும். வீட்டுக்குக் கீழே மேடு. அந்த மேடு பழைய தெரு.

நான் ஒரு படியில உட்கார்ந்து பையில இருந்த ரொட்டியை எடுத்தேன். சாப்பிட முடியலை. திரும்ப உள்ளே வெச்சுட்டேன்.

அங்கேயும் காகிதத்தை ஒளிச்சு வெச்சவங்க இருந்தாங்க. இமானுவேல் ரிங்கல்ப்ளம் என்ற வரலாற்றாளர் கெட்டோவுக்குள்ள ஒரு ரகசியக் குழு அமைச்சார். டைரி, பள்ளிக்கூடக் கட்டுரை, ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், சுவரொட்டின்னு எல்லாத்தையும் சேர்த்தாங்க. இரும்புப் பெட்டிகள்லயும் ரெண்டு பால் கேன்கள்லயும் அடைச்சு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில புதைச்சாங்க. குழுவில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மூன்றே பேர். ரிங்கல்ப்ளம் 1944-ல் கொல்லப்பட்டார். பெட்டிகளை 1946-ல தோண்டி எடுத்தாங்க. கேன்கள் 1950-ல கிடைச்சுது. மூன்றாவதா புதைச்சது இதுவரைக்கும் கிடைக்கலை. கிடைச்ச வரைக்கும் சுமார் 35,000 பக்கங்கள். அந்தப் பால் கேன் ஒண்ணை யூத வரலாற்று நிறுவனத்துல கண்ணாடிக்குப் பின்னால வெச்சிருக்காங்க. துருப் பிடிச்சு, நம்ம வீட்டுப் பக்கம் பால்காரர் கொண்டு வர்ற கேன் மாதிரியே இருக்கு.

ஒரே ஊர்ல, ஒரே காலத்துல, ரெண்டு காகிதக் கட்டு. ஒண்ணுல வீட்டோட அளவு இருந்துச்சு. போர் முடிஞ்சதும் அதை விரிச்சு வெச்சுக் கட்டிட முடிஞ்சுது. இன்னொண்ணுல ஜனங்க இருந்தாங்க. அதை வெச்சுக் கட்ட எதுவும் இல்லை. படிக்க மட்டும்தான் முடியும்.

சனிக்கிழமை நான் பழைய நகரத்தை மனசுக்குள்ள "சினிமா செட்"னு கொஞ்சம் கிண்டலா நினைச்சேன். அதை இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். உயிரைக் கொடுத்துக் காப்பாத்தின வரைபடத்துல இருந்து எழுந்த சுவர் அது. ஆனா அந்தச் சதுக்கத்தை மட்டும் பார்த்துட்டு ரயில் ஏறினா, வார்சா அழிஞ்சு மறுபடி முழுசா வந்துடுச்சுன்னு ஒரு சந்தோஷமான முடிவோட ஊர் திரும்புவோம். ஒரு பாதி வரலை, வரவும் வராது. ஸ்டேஷனுக்குப் போற வழியில எனக்கு இதுதான் ஓடிட்டே இருந்துச்சு.

மாணவர்கள் யாராவது ஒரு வார இறுதிக்கு வார்சா போறதா இருந்தா, ஒண்ணு சொல்றேன். பழைய நகரத்துக்கு அரை நாள் போதும், சின்ன இடம்தான். அரண்மனையில அந்த ஓவிய அறையைப் பாருங்க. மறுநாள் காலையில முரானூஃபுக்கு நடங்க. வீட்டு வாசல்ல படிக்கட்டு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

எனக்கு இந்த செமஸ்டர்ல ஒரு பழைய கிடங்கை அளந்து வரையிற பயிற்சி இருக்கு. இதுவரைக்கும் தள்ளிப்போட்டுட்டே வந்தேன். திங்கட்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டுப் போனேன்.