அழைத்தவர்களே அனுப்பிய படை

முன்பு ஆண்ட நாடே காப்பாற்ற வந்தால் மக்கள் ஏற்பார்களா? மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் கதை இதற்கு நல்ல உதாரணம் என்பேன்.

மாலி 1960-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 2012-இல் அதன் வடபகுதி ஆயுதக் குழுக்களின் கையில் போனது. திம்புக்டுவில் சூஃபி மகான்களின் சமாதிகளை இடித்தார்கள். 2013 ஜனவரியில் மாலி அரசே கூப்பிட, பிரெஞ்சுப் படை வந்தது. சில வாரங்களில் நகரங்கள் மீண்டன. பிப்ரவரியில் அதிபர் ஒல்லாந்து திம்புக்டு போனபோது ஒரே கொண்டாட்டம்!

ஆனால் படை திரும்பவில்லை. வன்முறையும் ஓயாமல் நடுப்பகுதிக்கும் பரவியது. 2021 ஜனவரியில் பூன்ட்டி கிராமத்தில் கல்யாணத்துக்குக் கூடியவர்கள் மேல் பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டன. இறந்த 22 பேரில் 19 பேர் பொதுமக்கள் என்றது ஐ.நா. விசாரணை. பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. பமாகோ தெருக்களில் பிரான்சே வெளியேறு என்று கூட்டம் திரண்டது. 2022 ஆகஸ்டில் கடைசிப் பிரெஞ்சு வீரரும் கிளம்பினார். அதற்குள் ரஷ்யக் கூலிப்படை வந்துவிட்டது, அமைதிதான் வரலை.

இதை நன்றிகெட்டதனம்னு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதவிக்கு வந்தவர் எப்போது போகணும் என்று வீட்டுக்காரர்தானே சொல்லணும்?