பூந்தமல்லி–ஆவடி வட்டாரப் பண்டிகை விருந்து

பொங்கல், தீபாவளி, ஆடித் திருவிழா, கல்யாணம் ஆகிய நாட்களில் உறவினருக்கும் ஊராருக்கும் வழிப்போக்கருக்கும் வீட்டார் இலை போட்டுச் சோறிடுவது வழக்கமாக இருந்தது. சென்னையின் மேற்கே பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் இது சுமார் 250 ஆண்டுகளில் மெல்லச் சுருங்கியது. விருந்துக்கென ஒதுக்கிய நெல்லும், பந்தி விரிக்கும் இடமும், உட்கார்ந்து பேசும் பொழுதும் ஒவ்வொன்றாகக் கைநழுவியதே காரணம்.

1763இல் இவ்வூர்கள் அடங்கிய செங்கற்பட்டு ஜாகீர் (வரி வசூல் உரிமையோடு வழங்கப்பட்ட நிலப்பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767–74இல் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு எடுத்த கணக்கெடுப்பில், அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிக்குமுன் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் சத்திரத்துக்கும் களத்திலேயே நெல் அளந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. கம்பெனி வரியைப் பணமாகக் கேட்டு இறுக்கியபோது அந்தப் பங்குகள் கரைந்தன. 1801இல் தஞ்சை மன்னர் சரபோஜி, எல்லாச் சாதியினருக்கும் சோறிடும் தம் சத்திரங்களைக் காக்க வேண்டிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்.

பழைய விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் அமரவில்லை. வயலில் உழைத்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தில்தான் சோறு. அந்த அநீதியை மறைத்து இவ்வரலாற்றைச் சொல்ல முடியாது.

1856இல் இராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக ரயில் ஓடியது. மாட்டுவண்டிப் பயணமும், வழியில் திண்ணையில் தங்கி உண்பதும் குறைந்தன.

பெரிய மாற்றம் விடுதலைக்குப் பின் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் (1964) ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வயல்களின் நடுவே எழுந்தன. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு மதியப் பந்தி ஒத்துவரவில்லை. அடுக்குமாடி வீட்டில் பந்தக்கால் நட முற்றமில்லை. கோட்டை அடுப்பு மூட்டக் கொல்லையில்லை. கல்யாணம் மண்டபத்துக்கும் சமையல் கான்ட்ராக்டரிடமும் போய்விட்டன. அதிரசமும் முறுக்கும் கடைப் பெட்டியில் வரத் தொடங்கின. ஆனால் ஆவடிக் குடியிருப்புகளில் பல மாநிலத்தார் சேர்ந்து வாழ்ந்ததால், பண்டிகைப் பலகாரத் தட்டு சாதியும் மொழியும் தாண்டி அண்டை வீட்டுக்குப் போனது. வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது வைப்பார்கள்.

இன்றும் ஆடி ஞாயிறுகளில் திருவேற்காடு முதல் திருமுல்லைவாயில் வரை அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகுக் கூழை அண்டாவிலிருந்து மொண்டு, வருகிறவர் யாரென்று கேட்காமல் ஊற்றுகிறார்கள். வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, மணமாகிப் போன பெண்களையும் உடன் வேலை செய்பவர்களையும் சாப்பிட அழைக்கிறார்கள்.